நிறம் சொல்லும் தொலைவு

வானத்தைப் படமெடுக்கும் தொலைநோக்கி, ஒரு விண்மீன்திரள் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாகக் காட்டிவிடும். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை மட்டும் காட்டாது. அருகில் இருக்கும் மங்கலான சிறு திரள் ஒன்றும், அதைக் காட்டிலும் பல மடங்கு அப்பால் இருக்கும் பிரகாசமான பெருந்திரள் ஒன்றும் படத்தில் ஏறத்தாழ ஒரே ஒளியும் ஒரே உருவும் கொண்ட இரு பொட்டுகளாகவே விழும். விண்மீன்களும் வாயுவும் தூசும் ஈர்ப்பினால் கட்டுண்டு கிடக்கும் பெருந்தொகுதியே விண்மீன்திரள் எனப்படுகிறது. சூரியன் இடம்பெற்றுள்ள பால்வழியும் அவற்றுள் ஒன்று. இத்திரள்கள் பேரண்டத்தில் எப்படிப் பரவிக் கிடக்கின்றன, காலப்போக்கில் எப்படி வளர்ந்தன என்று அறிய வேண்டுமானால், ஒவ்வொன்றின் தொலைவும் தெரிந்தாக வேண்டும். கோடிக்கணக்கான திரள்களுக்கு அதைக் கணித்துத் தர வானியலாளர் இன்று பெரிதும் நம்பியிருப்பது, சில வடிகட்டிகளின் வழியே எடுத்த படங்களில் அவை காட்டும் நிறத்தைத்தான். தவறக்கூடியது என்று எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கணிப்பு, தன் தவறு எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லக் கற்றுக்கொண்டதனால்தான் நம்பத்தக்க அறிவியலாக வளர்ந்திருக்கிறது.

செம்பெயர்ச்சி என்னும் அளவுகோல்

விண்மீன்திரளின் ஒளியை முப்பட்டகம் போன்ற கருவியினால் பிரித்தால் ஊதா முதல் சிவப்பு வரை நிறங்கள் வரிசையாக விரியும். இந்த விரிவுக்கு நிறமாலை என்று பெயர். அதில் ஆங்காங்கே கருங்கோடுகளும் ஒளிர்கோடுகளும் தென்படும். விண்மீன்களின் மேற்பரப்பிலும் அவற்றைச் சூழ்ந்த வாயுவிலும் உள்ள கால்சியம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் முதலிய தனிமங்கள், தத்தமக்கு உரிய அலைநீளங்களில் ஒளியை விழுங்குவதாலோ உமிழ்வதாலோ இக்கோடுகள் உண்டாகின்றன. எந்தத் தனிமத்தின் கோடு எந்த அலைநீளத்தில் இருக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து அறியப்பட்டிருப்பதால், வானத்திலிருந்து வரும் ஒளியில் அது எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இயலும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள லோவல் வானாய்வகத்தில் பணியாற்றிய வெஸ்டோ ஸ்லைஃபர், 1912-இல் ஆண்ட்ரோமீடா திரளின் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டு, அது விநாடிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் நெருங்கி வருவதாகக் கணித்தார். ஆனால் 1917-க்குள் அவர் அளந்து முடித்த 25 திரள்களில் 21-இன் கோடுகள் சிவப்புப் பக்கமே நகர்ந்திருந்தன, அதாவது அவை விலகிச் சென்றுகொண்டிருந்தன. பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர் 1927-இலும், அமெரிக்காவின் எட்வின் ஹபிள் 1929-இலும், தொலைவு கூடக் கூட இந்த விலகலும் கூடுகிறது என்பதை எடுத்துக்காட்டினர். பேரண்டமே விரிந்துகொண்டிருப்பதால், ஒரு திரளிலிருந்து புறப்பட்ட ஒளி பயணம் செய்யும் நெடுங்காலத்தில் அதன் அலையும் சேர்ந்து நீள்கிறது. பயணம் எவ்வளவு நீண்டதோ அவ்வளவு அலையும் நீண்டிருக்கும். இந்த நீட்சியே செம்பெயர்ச்சி.

செம்பெயர்ச்சியை ஓர் எண்ணாகக் குறிப்பது வழக்கம். அலைநீளம் எவ்வளவு கூடியிருக்கிறதோ அதைப் புறப்பட்ட அலைநீளத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 400 நானோமீட்டரில் புறப்பட்ட ஒளி 600 நானோமீட்டராக வந்து சேர்ந்தால் செம்பெயர்ச்சி 0.5; 800 நானோமீட்டராக வந்தால் 1. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. செம்பெயர்ச்சி 0.5 என்றால் அந்த ஒளி ஏறத்தாழ 520 கோடி ஆண்டுகளும், 1 என்றால் ஏறத்தாழ 790 கோடி ஆண்டுகளும் பயணம் செய்து வந்திருக்கிறது. செம்பெயர்ச்சியைத் தொலைவாக மாற்றுவதற்குப் பேரண்டம் விரியும் வீதம் தெரிந்திருக்க வேண்டும்; அது மாறொளிர் விண்மீன்கள், வெடித்துச் சிதறும் மீயொளிர் விண்மீன்கள் முதலிய வேறு வழிகளால் பெறப்படுகிறது. ஆண்ட்ரோமீடா போன்ற மிக அருகிலுள்ள திரள்களில், ஒன்றையொன்று ஈர்ப்பதனால் ஏற்படும் இயக்கம் விரிவின் விளைவை மறைத்துவிடுவதால், அவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. தொலைவிலுள்ளவற்றுக்கோ செம்பெயர்ச்சி தெரிந்தாலே தொலைவு தெரிந்த மாதிரிதான்.

நிறமாலை எடுப்பதிலுள்ள பாடு

நிறமாலையே துல்லியமான வழி என்றால் எல்லாத் திரள்களுக்கும் அதையே எடுத்துவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். தடை ஒளியின் பஞ்சத்தில் இருக்கிறது. தொலைதூரத் திரளிலிருந்து வரும் ஒளியே அற்பமானது. அதை ஆயிரக்கணக்கான அலைநீளக் கூறுகளாகப் பகுக்கும்போது ஒவ்வொரு கூறுக்கும் கிடைக்கும் ஒளி அதனினும் அற்பமாகிவிடுகிறது. ஸ்லைஃபர் ஒரே திரளின் நிறமாலைக்காக ஒளிப்படத் தகட்டைப் பல இரவுகளில் மொத்தம் இருபது, முப்பது மணி நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்ததும் இதனால்தான்.

பிற்காலத்தில் ஒரே நேரத்தில் பல திரள்களின் ஒளியைக் கொண்டுவரும் உத்திகள் உருவாயின. நியூ மெக்சிகோவிலுள்ள அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் நடந்த ஸ்லோன் இலக்கமுறை வானளவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஒவ்வொரு வானப் பகுதிக்கும் தனித்தனியாக ஓர் அலுமினியத் தகடு செய்யப்பட்டது. திரள்கள் இருக்கும் இடங்களுக்கு நேராக 640 துளைகள் இடப்பட்டன. பகல் பொழுதில் பணியாளர்கள் ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையாலேயே செருகி வைத்தனர். இரவில் அந்த இழைகள் அத்தனை திரள்களின் ஒளியையும் நிறமாலைக் கருவிக்குக் கடத்தின. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 2021 முதல் அளவை நடத்திவரும் டெசி என்னும் கருவியில், 5000 சிறு இயந்திரக் கைகள் தாமே இழைகளை உரிய இடத்துக்கு நகர்த்திக்கொள்கின்றன.

எனினும் எண்ணிக்கை கைக்கு அடங்குவதாக இல்லை. சிலியில் செரோ பச்சோன் மலைமீது அமைந்துள்ள வேரா ரூபின் வானாய்வகம், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2000 கோடி திரள்களைப் படமெடுக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஒரு தடவைக்கு 5000 திரள்கள், ஓர் இரவுக்கு இருபது தடவை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அத்தனைக்கும் நிறமாலை எடுக்க இரண்டு லட்சம் இரவுகள், அதாவது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவற்றில் பெரும்பாலானவை நிறமாலைக்கு எட்டாத அளவு மங்கலானவை என்பதால் இந்தக் கணக்குகூட நிறைவேறாத ஒன்றே.

வடிகட்டிகளும் ஒரு முறிவும்

நிறமாலை கிடைக்காத இடத்தில் நிறம் கைகொடுக்கிறது. வானியலில் நிறம் என்பது கண்ணுக்குத் தோன்றும் வண்ணத்தைக் குறிக்கும் சொல்லன்று. இரு வேறு வடிகட்டிகளின் வழியே அளந்த ஒளியளவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாடே அங்கே நிறம் எனப்படுகிறது. வடிகட்டி என்பது குறிப்பிட்ட அலைநீளப் பட்டையை மட்டும் உள்ளே விட்டு, மற்றவற்றைத் தடுக்கும் கண்ணாடி. ஸ்லோன் அளவையில் பயன்பட்ட யூ, ஜி, ஆர், ஐ, இசட் என்னும் ஐந்து வடிகட்டிகளின் நடு அலைநீளங்கள் முறையே ஏறத்தாழ 355, 470, 620, 750, 890 நானோமீட்டர். ஆயிரக்கணக்கான கூறுகளுக்குப் பதிலாக ஐந்தே கூறுகளாக ஒளி பகுக்கப்படுவதால் மங்கலான திரளும் தெளிவாகப் பதிவாகிறது. ஒரே படத்தில் ஆயிரக்கணக்கான திரள்களும் அடங்கிவிடுகின்றன. இதற்குக் கொடுக்கும் விலை, கோடுகள் எல்லாம் கலைந்து, நிறமாலையின் முரட்டுச் சாயல் மட்டுமே மிஞ்சுவது.

அந்தச் சாயலிலும் அழியாமல் நிற்கும் ஓர் அடையாளம் உண்டு. வயது முதிர்ந்த விண்மீன்கள் நிறைந்த திரளின் நிறமாலையை நீண்ட அலைநீளத்திலிருந்து குறுகியதை நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தால், 400 நானோமீட்டரை ஒட்டி ஒளி திடீரென்று சரிந்துவிடும். கால்சியம், இரும்பு முதலிய தனிமங்களின் எண்ணற்ற கருங்கோடுகள் அந்த இடத்துக்குக் கீழே நெருக்கமாக அமைந்து ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். இந்தச் சரிவை வானியலாளர் முறிவு என்பர். திரள் தொலைவில் இருந்தால் முறிவும் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். செம்பெயர்ச்சி 0.1 உள்ள திரளில் அது 440 நானோமீட்டரில், ஜி வடிகட்டிக்குள் விழும், 0.5 உள்ள திரளில் 600 நானோமீட்டருக்கு நகர்ந்து ஆர் வடிகட்டிக்குள் விழும். 1 ஆனால் 800 நானோமீட்டரை எட்டி, ஐ வடிகட்டிக்கும் இசட் வடிகட்டிக்கும் இடையே போய் நிற்கும். எந்த இரு வடிகட்டிகளுக்கு இடையே ஒளி சட்டென்று மாறுகிறது என்று பார்த்தாலே, முறிவு எங்கே இருக்கிறது, அதனால் செம்பெயர்ச்சி எவ்வளவு என்று மதிப்பிட முடிகிறது.

மிகத் தொலைவிலுள்ள திரள்களில் இன்னொரு முறிவு பயன்படுகிறது. 91.2 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை ஹைட்ரஜன் அணுக்கள் முற்றாக விழுங்கிவிடுகின்றன. பேரண்டத்தின் இளமைக் காலத்தில் திரள்களுக்கு இடையே மிகுந்திருந்த ஹைட்ரஜன், 121.6 நானோமீட்டர் வரையிலான ஒளியையும் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. லைமன் முறிவு எனப்படும் இது, செம்பெயர்ச்சி 3 ஆகும்போது 365 நானோமீட்டருக்கு நகர்ந்து, பூமியிலிருந்து பார்க்கத்தக்க எல்லைக்குள் வந்துவிடுகிறது. பிற வடிகட்டிகளில் நன்றாகத் தெரியும் ஒரு திரள் புற ஊதா வடிகட்டியில் மட்டும் காணாமற்போனால், அது இவ்வளவு தொலைவில் இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. சார்லஸ் ஸ்டைடலும் அவரது குழுவினரும் இவ்வாறு பொறுக்கியெடுத்த திரள்களை ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியின் நிறமாலைகளால் சோதித்து, அவை உண்மையிலேயே அத்தொலைவில் இருப்பதை 1996-இல் உறுதி செய்தனர்.

பாமின் ஒன்பது பட்டைகள்

நிறத்தைக் கொண்டு செம்பெயர்ச்சியைக் கணிக்கும் எண்ணத்தை முதலில் செயல்படுத்திக் காட்டியவர் அமெரிக்க வானியலாளர் வில்லியம் பாம். கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் உள்ள 200 அங்குலத் தொலைநோக்கி அக்காலத்தில் உலகிலேயே பெரியது. அதில் ஒளியை மின்னோட்டமாக மாற்றி அளக்கும் ஒளிமானி ஒன்றைப் பொருத்தி, புற ஊதாவின் விளிம்பிலிருந்து அகச்சிவப்பின் விளிம்பு வரை ஒன்பது வடிகட்டிகளின் வழியே அவர் திரள்களை அளந்தார். முதலில், அருகிலுள்ள கன்னிக் கொத்தைச் சேர்ந்த ஆறு நீள்வட்டத் திரள்களின் ஒன்பது அளவுகளையும் வரைபடத்தில் இட்டு, அத்தகைய திரளின் ஒளி எப்படிப் பரவியிருக்கும் என்பதற்கு ஒரு சராசரி வளைவைப் பெற்றார். பிறகு, ஏபெல் 801 என்னும் தொலைதூரக் கொத்திலுள்ள மூன்று நீள்வட்டத் திரள்களை அதே முறையில் அளந்து, இரண்டாவது வளைவை வரைந்தார்.

இரு வளைவுகளும் ஒரே வடிவில் இருந்தன. இரண்டாவது மட்டும் சிவப்புப் பக்கமாகத் தள்ளி நின்றது. எவ்வளவு தள்ளி நின்றது என்று அளந்ததில் செம்பெயர்ச்சி 0.19 என்று வந்தது. நிறமாலையின் மூலம் முன்பே அறியப்பட்டிருந்த மதிப்பு 0.192. இந்த ஒற்றுமை தந்த துணிவில் அதைவிடத் தொலைவிலிருந்த ஒரு கொத்துக்கும் இம்முறையைப் பயன்படுத்தி 0.44 என்ற மதிப்பை அவர் பெற்றார். 1962-இல் வெளியான இந்த ஆய்வுதான் நிறத்தின் வழியே செம்பெயர்ச்சியைக் கணிக்கும் துறைக்கு அடித்தளம். பாம் தேர்ந்தெடுத்தவை நீள்வட்டத் திரள்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. முதிய விண்மீன்களால் ஆன அத்திரள்களில் முறிவு ஆழமாக இருக்கும். ஒன்றுக்கொன்று சாயலும் அதிகம் மாறாது. எல்லாத் திரள்களும் அவற்றைப் போல இருந்திருந்தால் இத்துறையின் வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

கணிக்கும் இரு வழிகள்

பாமுக்குப் பின் வந்தவர்கள் இம்முறையை இரு வழிகளில் வளர்த்தனர். முதல் வழி, மாதிரி நிறமாலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நீள்வட்டம், சுருள், விண்மீன்கள் மும்முரமாகப் பிறக்கும் திரள் எனப் பல வகைத் திரள்களின் மாதிரி நிறமாலைகள் முன்கூட்டியே தயாரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மாதிரியையும் கணினி சிறிது சிறிதாகச் சிவப்புப் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அது வடிகட்டிகளில் எவ்வளவு ஒளியைத் தரும் என்று கணக்கிட்டு, உண்மையில் அளந்த ஒளியோடு எந்த நிலை நன்றாகப் பொருந்துகிறது என்று தேடுகிறது. நர்சிசோ பெனிதெஸ் 2000-இல் உருவாக்கிய நிரல், இதனோடு முன்னறிவையும் சேர்த்துக்கொண்டது. மிகப் பிரகாசமாகத் தெரியும் திரள் மிகத் தொலைவில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்பது போன்ற பொதுச் செய்திகள் கணிப்புக்குள் எடைபோட்டுச் சேர்க்கப்பட்டதால், அபத்தமான விடைகள் குறைந்தன.

இரண்டாவது வழியில் மாதிரிகள் எதுவும் தேவையில்லை. நிறமாலையால் செம்பெயர்ச்சி உறுதியான ஆயிரக்கணக்கான திரள்களின் நிறங்களைக் கணினிக்குக் கொடுத்து, நிறத்துக்கும் செம்பெயர்ச்சிக்கும் உள்ள தொடர்பைத் தானே கற்றுக்கொள்ளச் செய்வதே அது. 1995-இல் ஆண்ட்ரூ கானலியும் உடன் பணியாற்றியோரும் எளிய இயற்கணிதச் சமன்பாடுகளைக் கொண்டே இதைச் செய்து காட்டினர். 2004-இல் ஏட்ரியன் காலிஸ்டரும் ஓஃபர் லஹாவும் செயற்கை நரம்பியல் வலையைப் பயன்படுத்தும் நிரலை வெளியிட்டனர். இவ்வழி துல்லியமானது, ஆனால் கற்றுக்கொடுத்த எல்லைக்கு வெளியே போனால் வழி தெரியாமல் தடுமாறும். நிறமாலை எடுக்கப்பட்டவை பெரும்பாலும் பிரகாசமான திரள்கள் என்பதால், மங்கலான திரள்களைப் பற்றிக் கணினி கற்றுக்கொள்வதற்குப் போதிய சான்று கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க, எந்தெந்த நிறங்களையுடைய திரள்களுக்கு இன்னும் நிறமாலை இல்லை என்று வரைபடமிட்டு, தேடிப்போய் அவற்றை அளக்கும் பணி கெக் தொலைநோக்கியில் மேற்கொள்ளப்பட்டது.

இந்த முறைகள் உண்மையில் எந்த அளவுக்குத் தேறும் என்பதற்கு ஒரு கடுமையான தேர்வும் நடந்தது. 1995 டிசம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, சப்தரிஷி மண்டலத்தில் வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு துண்டு வானத்தைப் பத்து நாள் தொடர்ந்து நோக்கி, நான்கு வடிகட்டிகளில் 342 படங்கள் எடுத்தது. அவற்றை ஒன்றுசேர்த்தபோது ஏறத்தாழ 3000 திரள்கள் வெளிப்பட்டன. அவற்றுள் சிலவற்றின் நிறமாலை அளவுகளை மறைத்து வைத்துவிட்டு, பல குழுக்கள் நிறத்தை மட்டும் கொண்டு கணித்த விடைகள் அவற்றோடு ஒப்பிடப்பட்டன. செம்பெயர்ச்சி 1.4-க்குக் குறைந்த திரள்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றில் கணிப்பின் பிழை 0.1-க்குள் அடங்கியது என்று 1998-இல் முடிவு வெளியானது. அதன் பிறகே நிறத்தின் வழிக் கணிப்பை ஐயத்தோடு நோக்கியவர்களும் அதை ஏற்கத் தொடங்கினர்.

சிவப்புக்கு மூன்று காரணங்கள்

இம்முறையின் அடிப்படைச் சிக்கல், ஒரு திரள் சிவப்பாகத் தெரிவதற்குத் தொலைவு மட்டுமே காரணமாக இருப்பதில்லை என்பதாகும். நீலநிறமுள்ள பெரிய விண்மீன்கள் விரைவில் எரிந்து தீர்ந்துவிடுவதால், வயதான திரளில் சிவந்த சிறு விண்மீன்களே மிஞ்சும். ஆகவே முதுமையும் சிவக்கச் செய்கிறது. திரளுக்குள் மிதக்கும் தூசு நீல ஒளியைச் சிதறடித்துச் சிவப்பு ஒளியை அதிகமாகக் கடத்துவதால், தூசும் சிவக்கச் செய்கிறது. அலை நீள்வதால் தொலைவும் சிவக்கச் செய்கிறது. முகத்தைப் பார்த்து ஒருவரின் வயதைச் சொல்வதற்கும் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடே நிறத்துக்கும் நிறமாலைக்கும் உள்ள வேறுபாடு. முகம் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், சில சமயம் முற்றிலும் ஏமாற்றிவிடும்.

ஒரே ஒரு நிறத்தைக் கொண்டு இந்த மூன்றையும் பிரித்தறிய இயலாது. வடிகட்டிகள் கூடக் கூட வேற்றுமை தெளிவாகும். ஏனெனில் தூசினால் வரும் சிவப்பு பட்டைகள்தோறும் மெல்ல மெல்ல மாறும், முறிவினால் வருவதோ ஓரிடத்தில் திடீரென்று விழும். இரண்டு சதுர பாகை வானத்தை ஆராய்ந்த காஸ்மாஸ் அளவையில் 30 பட்டைகள் பயன்படுத்தப்பட்டபோது, பிரகாசமான திரள்களுக்குப் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஐந்தாறு வடிகட்டிகளே உள்ள பெரும் அளவைகளில் பொதுவாக நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை பிழை எதிர்பார்க்கப்படுகிறது. செம்பெயர்ச்சி 1 உள்ள திரளுக்கு நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் பிழை வந்தால், ஒளி பயணம் செய்த காலம் ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள் முன்பின்னாகும்.

இதைவிடக் கொடியது வேறொரு வகைப் பிழை. அருகிலுள்ள திரளின் 400 நானோமீட்டர் முறிவும், மிகத் தொலைவிலுள்ள திரளின் லைமன் முறிவும் ஒரே வடிகட்டிக்குள் விழுந்துவிட்டால், கணினி ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும், செம்பெயர்ச்சி 0.3 என்றிருக்க வேண்டிய இடத்தில் 3 என்ற விடை வரும். இதனால்தான் இன்றைய அளவைகள் ஒரு திரளுக்கு ஒரே விடையைத் தந்து நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு செம்பெயர்ச்சிக்கும் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று காட்டும் நிகழ்தகவு வளைவையே தருகின்றன. ஒரே மேடுள்ள வளைவு உறுதியான விடையைக் குறிக்கும். இரண்டு மேடுகள் இருந்தால், இரண்டில் ஒன்று என்று மட்டுமே சொல்ல முடியும்.

ஒரு விண்மீன்திரளின் சறுக்கல்

இப்பிழை எப்படி நேர்கிறது என்பதை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, 2022 கோடையில் தன் முதல் படங்களை அனுப்பத் தொடங்கியது. சியர்ஸ் என்னும் அளவையில் எடுத்த படங்களில் 93316 என்ற எண் கொண்ட ஒரு திரள் எல்லோருடைய கவனத்தையும் ஈர்த்தது. 2 மைக்ரான் அலைநீளத்தை மையமாகக் கொண்ட வடிகட்டியில் மங்கலாகவும், 2.8 மைக்ரானிலும் அதற்கு மேற்பட்ட வடிகட்டிகளிலும் பிரகாசமாகவும் அது தெரிந்தது. மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர். இந்த ஏற்றத்தை லைமன் முறிவு என்று கொண்டால் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 16.4 என்றாகிறது, அதாவது பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அவ்வளவு ஒளிமிக்க ஒரு திரள் உருவாகிவிட்டது என்றாகிறது. அது உண்மையாக இருந்தால் திரள்கள் உருவாகும் விதத்தைப் பற்றிய கோட்பாடுகளையே திருத்த வேண்டியிருக்கும்.

அப்போதே சிலர் ஐயம் எழுப்பினர். இத்திரள் மிகத் தொலைவில் இருக்கலாம், அல்லது செம்பெயர்ச்சி 5-ஐ ஒட்டிய தூசு நிறைந்த திரளாகவும் இருக்கலாம் என்று இரு வாய்ப்புகளையும் எடுத்துக்காட்டிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. 2023-இல் வெப் தொலைநோக்கியே அதன் நிறமாலையை எடுத்தபோது விடை கிடைத்தது: செம்பெயர்ச்சி 4.9. அதன் வாயு, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உரிய மிக வலிய ஒளிர்கோடுகளை உமிழ்ந்துகொண்டிருந்தது. புறப்படும்போது ஏறத்தாழ 500 நானோமீட்டரில் இருந்த ஆக்சிஜன் கோடு செம்பெயர்ச்சியினால் 2.95 மைக்ரானுக்கும், 656 நானோமீட்டரில் இருந்த ஹைட்ரஜன் கோடு 3.87 மைக்ரானுக்கும் நகர்ந்து, அங்கிருந்த வடிகட்டிகளின் ஒளியளவை உயர்த்திவிட்டன. தூசினால் ஏற்கெனவே சிவந்திருந்த திரளின்மேல் இந்த உயர்வும் ஏறிக்கொள்ள, இரண்டும் சேர்ந்து ஒரு முறிவின் தோற்றத்தைத் தந்துவிட்டன. இந்தக் குறிப்பிட்ட செம்பெயர்ச்சியில் கோடுகள் மிகப் பொருத்தமாக வடிகட்டிகளுக்குள் விழுந்ததே சறுக்கலுக்குக் காரணம்.

அதே சமயம் அந்த அளவையில் நிறத்தைக் கொண்டு தொலைவிலிருப்பதாகக் கணிக்கப்பட்ட வேறு ஒரு திரள், நிறமாலையிலும் 11.4 என்ற செம்பெயர்ச்சியைக் காட்டித் தேறியது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டு, 14-க்கு மேற்பட்ட செம்பெயர்ச்சி உறுதியான திரளும் முதலில் நிறத்தினால் அடையாளம் காணப்பட்டதுதான். எந்தத் திரளுக்கு நிறமாலை எடுப்பது என்று முடிவு செய்ய உதவியதே நிறக் கணிப்பு என்பதால், ஒரு சறுக்கலை வைத்து முறையையே தள்ளிவிட முடியாது.

பிழையோடு வாழும் கணக்கு

தனித்தனித் திரள்களில் இவ்வளவு பிழை உள்ள கணிப்பினால் என்ன பயன் என்பதற்கு விடை, அது பயன்படும் விதத்தில் இருக்கிறது. தொலைவிலுள்ள திரள்களின் ஒளி வரும் வழியில் கிடக்கும், ஒளியை உமிழாத இருள் பொருளின் ஈர்ப்பு, அந்த ஒளியைச் சற்றே வளைத்துத் திரளின் உருவத்தை மிகச் சிறிய அளவில் திரிக்கிறது. ஒரு திரளில் இத்திரிபைக் கண்டறிய இயலாது; லட்சக்கணக்கான திரள்களின் உருவங்களைச் சராசரி எடுத்தால் இருள் பொருள் எங்கே குவிந்திருக்கிறது என்பது வெளிப்படும். திரள்களைத் தொலைவு வாரியாக அடுக்குகளாகப் பிரித்து இதைச் செய்தால், காலந்தோறும் அக்குவியல் எப்படி வளர்ந்தது என்றும், பேரண்டத்தின் விரிவை விரைவுபடுத்தும் இருள் ஆற்றல் அந்த வளர்ச்சியை எவ்வளவு தடுத்தது என்றும் அறியலாம். சிலியிலுள்ள 4 மீட்டர் பிளாங்கோ தொலைநோக்கியில் 57 கோடி படப்புள்ளிகள் கொண்ட கேமராவைப் பொருத்தி, 2013 முதல் 2019 வரை 5000 சதுர பாகை வானத்தை அளந்த இருள் ஆற்றல் அளவை இப்படித்தான் நடந்தது. அடுக்குகளாகப் பிரிப்பதற்கு அது சார்ந்திருந்தது திரள்களின் நிறத்தையே.

இந்தப் பணிக்குத் தனித்திரளின் பிழை அவ்வளவாகப் பொருட்டில்லை; ஓர் அடுக்கின் சராசரிச் செம்பெயர்ச்சி சரியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். கூடுதலாகவும் குறைவாகவும் சிதறும் பிழைகள் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எல்லாத் திரள்களையும் ஒரே பக்கமாகத் தள்ளிவிடும் சாய்வுதான் ஆபத்தானது. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்லிட் விண்கலத்துக்கு, அடுக்குச் சராசரியின் பிழை ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் வானாய்வகம் 320 கோடி படப்புள்ளிகள் கொண்ட கேமராவாலும் ஆறு வடிகட்டிகளாலும் வானத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கும். அதன் திரள்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை என்றுமே எடுக்கப்படாது என்பதால், அவற்றின் தொலைவுக்கு நிறம் ஒன்றே சான்றாக நிற்கும்.

ஆகவே நிறத்தின் வழியே பெறும் தொலைவை நிறமாலைக்கு மாற்றாகக் கொள்வதும் தவறு. வெறும் ஊகம் என்று ஒதுக்குவதும் தவறு. ஒன்று சிலவற்றை உறுதியாகச் சொல்கிறது, மற்றது பலவற்றைத் தோராயமாகச் சொல்கிறது; பேரண்டத்தின் முழு வரைபடத்துக்கு இரண்டும் தேவை. மிகத் தொலைவிலுள்ள விண்மீன்திரள் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம், அத்தொலைவு நிறமாலையால் உறுதியானதா அல்லது நிறத்தால் கணிக்கப்பட்டதா என்பதை வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டும். நிறத்தால் கணிக்கப்பட்டது என்றால், செய்தியை ஓரளவு நம்பலாம்; ஆனால் நிறமாலை வரும் வரை சாதனைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது நல்லது.